ஓக் மரங்களுக்கு நடுவே ஓய்வுக்காலம்: கெயின்ஸ்வில் அருகே ஒரு முதியோர் குடியிருப்பின் மதிப்பீடு

ஃப்ளோரிடா மாநிலத்தின் வடபகுதியில், கெயின்ஸ்வில் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில், 55 வயதைக் கடந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட மொபைல் ஹோம் குடியிருப்பு ஒன்றில் நானும் என் மனைவியும் சில ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறோம். அமெரிக்காவில் பணிக்காலத்தை முடித்த தமிழர்கள் சந்தித்துக்கொள்ளும்போது இரண்டு யோசனைகளே திரும்பத் திரும்ப வருகின்றன: மகன் அல்லது மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு, இல்லாவிட்டால் கோவையிலோ சென்னைக்கு வெளியிலோ, மூன்று வேளை உணவையும் நிர்வாகமே பார்த்துக்கொள்ளும் ஒரு முதியோர் குடியிருப்பு. இவ்விரண்டிலும் சேராத, அமெரிக்க நடுத்தர வர்க்கம் தன் முதுமைக்காகத் தானே உண்டாக்கிக்கொண்ட இந்த எளிய ஏற்பாட்டை நம்மவர்கள் கருத்தில் கொள்வதே அரிது. எங்கள் குடியிருப்பின் பெயரை நான் எழுதவில்லை. அக்கம்பக்கத்தார் அதை விரும்ப மாட்டார்கள் என்பதோடு, நான் சொல்லவிருப்பவற்றில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் உள்ள இதே வகைக் குடியிருப்புகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த செலவில் மர நிழலும், அமைதியும், ஒரு பெரிய பல்கலைக்கழக நகரத்தின் வசதிகளும் ஒருசேர வேண்டும் என்பவர்களுக்கு இது மிக நல்ல இடம். ஆனால் அந்த நன்மைகள் அனைத்தும் நாமோ நம் துணையோ கார் ஓட்டும் வரைக்குமே கையில் இருக்கும். வாங்கும்போது யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. குடியிருப்பின் விளம்பரத் தாளில் நீச்சல் குளமும் பொதுக்கூடமும் படமாக இருக்கும். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

முதலில் நாம் வாங்குவது என்ன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வீடு நம்முடையது, அது நிற்கும் மனை நம்முடையதன்று. மனைக்கு மாத வாடகை உண்டு. எங்களைப் போன்ற எளிய குடியிருப்புகளில் அது சில நூறு டாலர்கள். புல் வெட்டுதல், சாலைப் பராமரிப்பு, பொதுக்கூடம் ஆகியவை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். மொபைல் ஹோம் என்ற பெயரைக் கேட்டுச் சக்கரத்தில் ஓடும் வண்டியைக் கற்பனை செய்ய வேண்டாம். தொழிற்சாலையில் கட்டி, ஒன்றாகவோ இரண்டு பாதிகளாகவோ கொண்டுவந்து இறக்கி, எஃகுப் பட்டைகளால் தரையோடு இறுக்கிய வீடுதான் அது. இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை, சமையலறை, கம்பிவலை அடித்த முன்தாழ்வாரம் என்று இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். மாடி கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஒன்றே பாதி வைத்தியம். தரைமட்டத்திலிருந்து சற்று உயரத்தில் இருப்பதால் வாசலில் நான்கைந்து படிகள் இருக்கும் என்பதையும், பிற்காலத்தில் அங்கே சரிவுப் பாதை அமைக்க இடம் இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டின் வயது மிக முக்கியம். தொழிற்சாலையில் கட்டப்படும் வீடுகளுக்கான கூட்டரசின் கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. 1992-இல் ஆண்ட்ரூ புயல் தென் ஃப்ளோரிடாவில் இத்தகைய வீடுகளை நொறுக்கித் தள்ளிய பிறகு, காற்றைத் தாங்கும் வலிமைக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டு 1994 ஜூலையிலிருந்து அமலாகின. ஆகவே 1994-க்குப் பிந்தைய வீட்டுக்கும் அதற்கு முந்தைய வீட்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் புதுப் பூச்சையும் புதிய தரை விரிப்பையும் பார்த்து மதிப்பிட முடியாது. வீட்டின் வெளிச்சுவரில் சிவப்பு நிற உலோகத் தகடும், உள்ளே மின்பெட்டிக்கு அருகிலோ சமையலறை அலமாரியின் கதவுக்குப் பின்னாலோ ஒட்டப்பட்ட விவரத் தாளும் இருக்க வேண்டும். வீடு எந்தக் காற்று மண்டலத்துக்காக, அதாவது எவ்வளவு வலுவான காற்று வீசக்கூடிய பகுதிக்காகக் கட்டப்பட்டது என்பதை அந்தத் தாளே சொல்லும். காப்பீட்டு நிறுவனங்கள் முதலில் கேட்பவற்றில் வீடு கட்டிய ஆண்டும் ஒன்று. பழைய வீடு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, காப்பீடு கொடுக்க ஆளில்லாமல் அலைந்தவர்களை நான் அறிவேன்.

இனி மரங்கள். நாங்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அவையே காரணம். இங்கே செலவையும் கவலையையும் கொண்டுவருபவையும் அவையே. எங்கள் தெருக்களின் மேல் லைவ் ஓக் மரங்கள் இரு பக்கமிருந்தும் கிளை நீட்டிக் கூரை போட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து சாம்பல் நிறத்தில் தொங்கும் ஸ்பானிஷ் பாசியைப் பார்த்துவிட்டு, மரம் நோயுற்றிருக்கிறதோ என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அது பாசியும் அன்று, ஒட்டுண்ணியும் அன்று. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடி மரத்தின் சாற்றை உறிஞ்சாமல், காற்றிலும் மழையிலும் கிடைப்பதைக் கொண்டே வாழ்ந்துகொள்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் புழுக்கமான கோடையில், நகரத்தின் திறந்த கார் நிறுத்தத்தில் நின்றுவிட்டு எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது உடம்பு உணரும் வேறுபாட்டை மின்கட்டணச் சீட்டும் உறுதி செய்கிறது. குளிர்சாதனம் ஓடும் நேரத்தை மர நிழல் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. அதே நிழலால் கூரையில் சூரியத் தகடு வைப்பது வீண் வேலையாகிவிடும். வெயிலை நம்பிக் காய்கறித் தோட்டம் போடுபவர்களுக்கும் இங்கே ஏமாற்றமே.

மரங்களைப் பார்த்து மனை தேர்ந்தெடுப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இங்கே லைவ் ஓக் என்றும் லாரல் ஓக் என்றும் இரண்டு இனங்கள் கலந்து நிற்கின்றன. லைவ் ஓக் பரந்து தாழ்ந்து வளரும்; நூற்றாண்டுகள் வாழும்; புயற்காற்றை நன்றாகத் தாங்கும். லாரல் ஓக் விரைவாக உயர்ந்து வளர்ந்து, 50 முதல் 70 ஆண்டுகளுக்குள் முதுமையடைந்து, வெளியே பசுமையாக இருக்கும்போதே உள்ளே பொந்து விழுந்து, ஒரு நாள் காற்றில் சாய்ந்துவிடும். கூரையின் மேல் சாய்ந்து நிற்பது இவற்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் இங்கே வீடு வாங்கக் கூடாது. மரம் விழுந்தால் யார் செலவு, முன்கூட்டியே கிளை கழிக்க யார் செலவு என்பதும் ஒப்பந்த ஆவணத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் பொது இடத்து மரங்களை நிர்வாகமும், மனைக்குள் உள்ள மரங்களை வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்வதாக ஒரு வழக்கம் இருந்தது. எல்லைக்கோட்டின் மேல் நின்ற ஒரு பெரிய மரத்தின் விஷயத்தில் அந்த வழக்கம் உதவவில்லை. கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அதன் பாதிக் கிளை இறங்கி எங்கள் பக்கத்து வீட்டுக் கார்க் கொட்டகையை நசுக்கிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை.

சிறு தொல்லைகளும் உண்டு. வடக்கு மாநிலங்களிலிருந்து வருபவர்கள் இலையுதிர்வை அக்டோபரில் எதிர்பார்ப்பார்கள். இங்கே ஓக் மரங்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பழைய இலையை உதிர்த்துப் புதிய இலையை விடுகின்றன. அதே சமயத்தில் மகரந்தம் மஞ்சள் மாவாகக் கார் மேலும் தாழ்வாரத்திலும் படியும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஒருமுறை இந்தப் பருவத்தில் வந்து தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. இலையுதிர்காலத்தில் ஓக் கொட்டைகள் தகரக் கூரையில் விழும் சத்தம் முதல் சில வாரங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். கூரையோர வடிகாலில் சேரும் இலையை அள்ள ஏணியில் ஏறக் கூடாத வயது நம்முடையது என்பதால், அதற்கு ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும். கொசு, உண்ணி, விரல் நீளக் கரப்பான் ஆகியவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அவை புதிதல்ல.

கெயின்ஸ்வில் இரு கடற்கரைகளிலிருந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே தள்ளி இருப்பதால் கடல் பொங்கி வரும் ஆபத்து இல்லை. காற்றும் மழையும் வரும். 2023 ஆகஸ்டில் இடாலியா, 2024 ஆகஸ்டில் டெபி, அதே ஆண்டு செப்டம்பரில் ஹெலீன் என்று அடுத்தடுத்து மூன்று புயல்கள் எங்களுக்கு மேற்கே உள்ள பிக் பெண்ட் கரையில் ஏறின. மரம் அடர்ந்த இடத்தில் புயல் என்றால் மின்கம்பி அறுந்து விழுவது உறுதி. மின்சாரம் திரும்பச் சில நாள்கள் ஆகலாம். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தாலும், மொபைல் ஹோம்களில் வசிப்பவர்களை வெளியேறச் சொல்லி மாவட்ட நிர்வாகம் அறிவிப்பது இங்கே வழக்கம். புயற்பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை. அந்த ஆறு மாதமும் மருந்து, கடவுச்சீட்டு, பத்திரங்கள், இன்சுலின் வைக்கும் குளிர்ப்பெட்டி ஆகியவை கொண்ட ஒரு பை தயாராக இருக்க வேண்டும். போய்த் தங்க ஓர் உறுதியான கூரையுள்ள வீடோ விடுதியோ முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எழுபது வயதில் நள்ளிரவில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் தெம்பு தங்களுக்கு இருக்கிறதா என்று வாங்குபவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனை வாடகையைப் பற்றிய அச்சம் நியாயமானது. வீட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போவது நடைமுறையில் முடியாத காரியம் என்பது நில உரிமையாளருக்கும் தெரியும். அமெரிக்கா முழுவதும் முதலீட்டு நிறுவனங்கள் இத்தகைய குடியிருப்புகளை வாங்கி வாடகையை ஏற்றுவது அதிகரித்து வருகிறது. ஃப்ளோரிடாவில் இதற்கென்று 723-ஆம் அத்தியாயம் என்று அழைக்கப்படும் மாநிலச் சட்டம் இருக்கிறது. அதன்படி வாடகையை உயர்த்துவதற்குக் குறைந்தது 90 நாள்களுக்கு முன் எழுத்து மூலமாக அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரர்களின் சங்கம் உரிமையாளரை அழைத்துப் பேசவும், சமரசத்துக்குக் கொண்டுபோகவும் வழி உண்டு. குடியிருப்பை விற்பதாக உரிமையாளர் அறிவித்தால், முறையாகப் பதிவு செய்யப்பட்ட சங்கம் அதே விலைக்கு வாங்கிக்கொள்ள 45 நாள் அவகாசமும் உண்டு. உயர்வுக்கு உச்சவரம்பு எதையும் சட்டம் எண்ணால் குறிக்கவில்லை என்பதால், வாங்கும் முன் கடந்த ஆண்டுகளின் வாடகை உயர்வுப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கும் இடத்தை விட்டு வந்துவிடலாம். சங்கம் உயிரோடு இருக்கிறதா, பெயரளவில் இருக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். எங்கள் சங்கத்தின் கூட்டங்கள் மிகச் சலிப்பானவை. ஆனாலும் நான் தவறுவதில்லை.

வரிப் பக்கத்தில் ஆறுதல் உண்டு. ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. வாடகை மனையில் நிற்கும் மொபைல் ஹோமுக்குச் சொத்து வரிக்குப் பதிலாக ஆண்டுதோறும் ஒரு சிறு கட்டணம் செலுத்தி ஒட்டுவில்லை வாங்கிக்கொண்டால் போதும்.

தமிழ்க் குடும்பங்கள் வாங்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டிய விதி வயது விதிதான். 1995-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, இத்தகைய குடியிருப்பில் ஆள் வசிக்கும் வீடுகளில் குறைந்தது 80 விழுக்காட்டில், வீட்டுக்கு ஒருவராவது 55 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மீதமுள்ள 20 விழுக்காட்டை எப்படிப் பயன்படுத்துவது என்பது அந்தந்த நிர்வாகத்தின் விருப்பம். எனவே மகன் வேலையை இழந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தால் அவர்களை வைத்துக்கொள்ள முடியாமல் போகலாம். விருந்தினர் தொடர்ந்து எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணக்கு உண்டு. கோடை விடுமுறை முழுவதும் பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வீட்டில் விடுவது நமக்கு இயல்பு. இங்கே அதற்கு அனுமதி கேட்க வேண்டும். நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குத் தனி நேரம். இது கொடுமை என்று முதலில் எனக்குத் தோன்றியது; பிறகு, இங்கிருக்கும் பலர் அந்த அமைதிக்காகவே வந்திருக்கிறார்கள் என்பதை உணர்ந்து வாதாடுவதை விட்டுவிட்டேன். என் மனைவிக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

நகரத்தைப் பற்றிச் சொல்லும்போது என் எழுத்தில் சற்று உற்சாகம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கெயின்ஸ்வில் முழுக்க முழுக்க ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் நகரம். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊரில் மாணவர்கள் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். 60 வயது நிறைந்த மாநிலவாசிகள், வகுப்பில் இடம் மீதமிருந்தால், மதிப்பெண்ணும் பட்டமும் இன்றி, கட்டணமில்லாமல் உட்கார்ந்து பாடம் கேட்கலாம். பணிக்காலம் முழுவதும் பொறியியலில் கழித்துவிட்ட எனக்கு, பேரன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே வரலாற்று வகுப்பில் அமர்ந்ததைப் போன்ற நிறைவு வேறு எதிலும் கிடைத்ததில்லை. பல்கலைக்கழகத்தின் ஹார்ன் கலைக்கூடத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே ஆசியக் கலைக்கென்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. அதை ஒட்டியுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உயிருள்ள பட்டாம்பூச்சிகள் நம் தோளில் வந்து அமரும், வலையடித்த கூடம் உண்டு. வெளியூர் உறவினர் வந்தால் முதலில் அழைத்துப் போவது அங்கேதான். வளாகத்துக்குள் ஆலிஸ் ஏரிக்கு எதிரே வௌவால்களுக்கென்று கம்பங்களின் மேல் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் முதலாவது 1991-இல் எழுப்பப்பட்டது. பொழுது சாயும்போது லட்சக்கணக்கான வௌவால்கள் அங்கிருந்து புகைபோல் கிளம்பிப் போவதைப் பார்க்கக் காசு கேட்பவர் எவரும் இல்லை.

நகரத்தின் தென்புறத்தில் பெயின்ஸ் பிரெய்ரி என்னும் பரந்த சதுப்புப் புல்வெளி இருக்கிறது. முதலைகளும், காட்டுக் குதிரைகளும், 1975-இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட காட்டெருமைகளும் அங்கே உண்டு. குளிர்காலத்தில் சாண்ட்ஹில் கொக்குகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். நடைப்பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கேட்க முடியாது. முதலையிடமிருந்து விலகி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லூரி நகரத்துக்கென்றே உள்ள இடைஞ்சல்களும் இருக்கின்றன. ஆகஸ்டில் மாணவர்கள் திரும்பி வரும் வாரத்தில் கடைகளுக்கும் சாலைகளுக்கும் போவதைத் தவிர்ப்பது நல்லது. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் உள்ளூரில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருந்தால், எண்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் விளையாட்டரங்கம் நிரம்பி, நகரத்தின் நடுப்பகுதி முழுவதும் அசையாமல் நின்றுவிடும். அந்த நாள்களின் பட்டியலைப் பார்த்தே எங்கள் குடியிருப்பில் விருந்துக்கும் மருத்துவரிடம் போவதற்கும் நாள் குறிக்கிறார்கள்.

முதியவர்களுக்கு இந்த ஊரின் மிகப் பெரிய பலம் மருத்துவமே. ஷாண்ட்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் பல்கலைக்கழக மருத்துவமனையில் அரிய நோய்களுக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்கென ஒரு மருத்துவமனை அதற்கு எதிரிலேயே இருக்கிறது. எங்கள் குடியிருப்புக்குள் மருத்துவரோ செவிலியரோ எவரும் இல்லை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முதியோர் குடியிருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அழைப்பு மணியையும் சக்கர நாற்காலி தள்ளும் பணியாளரையும் நம்மவர்கள் எதிர்பார்க்கிறார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. யாரும் அப்படி வாக்குக் கொடுப்பதும் இல்லை. அந்த வகைப் பாதுகாப்பு வேண்டுமென்றால், இதே நகரத்தில் 2004-இல் பல்கலைக்கழகத் தொடர்போடு திறக்கப்பட்ட ஓக் ஹேமாக் போன்ற தொடர்பராமரிப்புக் குடியிருப்புகள் இருக்கின்றன. அவற்றில் தனி வீட்டில் தொடங்கி, உதவியோடு வாழும் பகுதி, செவிலியர் பராமரிப்பு வரை ஒரே வளாகத்தில் கிடைக்கும். அதற்கு ஒரு பெரிய நுழைவுத் தொகையையும் அதன்மேல் மாதக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். எங்களைப் போன்றவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓக் நிழலுக்கு வந்தோம்.

முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இங்கே பலரிடம் இருக்கிறது. நம்மவர்களிடம் இன்னும் அதிகம். குளிக்க, உடுக்க, உண்ண உதவி வேண்டிய நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிகேர் பணம் தருவதில்லை. மருத்துவமனையில் குறைந்தது மூன்று நாள் உள்நோயாளியாக இருந்த பிறகு செவிலியர் இல்லத்தில் தேறுவதற்கு மட்டும், முதல் 20 நாள்களுக்கு முழுமையாகவும், 21-ஆம் நாள் முதல் 100-ஆம் நாள் வரை நாம் ஒரு பங்கு செலுத்தியும் பெறலாம். 2025-இல் அந்தப் பங்கு நாளொன்றுக்கு 209.50 டாலராக இருந்தது. கண்காணிப்பில் வைத்திருப்பதாகச் சொல்லி மருத்துவமனையில் கழிக்கும் நாள்கள் அந்த மூன்று நாள் கணக்கில் சேராது என்பதால், படுக்கையில் இருக்கும்போதே எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு நிலைமை இன்னும் கடினம். தாமோ துணையோ பத்தாண்டு வேலை செய்து வரி கட்டியிருக்காவிட்டால், ஐந்தாண்டுகள் தொடர்ந்து இங்கே வாழ்ந்த பிறகே மெடிகேரை விலைக்கு வாங்க முடியும். 2025-இல் அந்தக் காப்பீட்டின் மருத்துவமனைச் செலவுப் பகுதிக்கு மாதம் 518 டாலர் வரையிலும், மருத்துவர் செலவுப் பகுதிக்கு 185 டாலரும் ஆனது. இந்தத் தொகைகளை மனை வாடகையோடு கூட்டிப் பார்த்தால், மலிவான குடியிருப்பு என்ற எண்ணம் சிலருக்கு மாறக்கூடும்.

கார் பற்றி முன்பே சொன்னேன். நகரப் பேருந்து எங்கள் வாசல் வரை வருவதில்லை. பால் வாங்க வேண்டுமானாலும் நெடுஞ்சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஃப்ளோரிடாவில் 80 வயதைக் கடந்தவர்கள் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கண் பரிசோதனையில் தேற வேண்டும். அதில் தேறினால் மட்டும் இரவில், மழையில், விளக்கில்லாத காட்டுச் சாலையில் ஓட்டும் திறமை வந்துவிடாது. இங்கே பலர் முதலில் இரவுப் பயணத்தை விடுகிறார்கள், பிறகு நெடுஞ்சாலையை, பிறகு மருந்துக் கடைக்கும் தேவாலயத்துக்கும் மட்டும் என்று வட்டம் சுருங்குகிறது. கணவர் மட்டும் ஓட்டத் தெரிந்த வீடுகளில் அவருக்குப் பக்கவாதம் வந்த அன்றே இரண்டு பேரின் உலகமும் முன்தாழ்வாரத்தோடு முடிந்துவிடுகிறது. நம் பெண்களில் பலர் ஓட்டக் கற்றும் ஓட்டாமல் இருப்பவர்கள். இங்கே குடிவருவதாக இருந்தால் அவர்கள் முதலில் சாவியைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்பவர்கள் அக்கம்பக்கத்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், தச்சர்கள், பல்கலைக்கழக அலுவலகங்களில் பணியாற்றியவர்கள் என்று பெரும்பாலும் உழைத்துச் சேர்த்த சிறு சேமிப்போடு வந்தவர்கள். எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் கூச்சமாக இருந்தது. தனியாக வாழ்பவர்கள் காலை எட்டு மணிக்குள் முன்சன்னல் திரையைத் தூக்கிவிட வேண்டும்; தூக்காவிட்டால் பக்கத்து வீட்டார் தொலைபேசியில் அழைப்பார்கள்; பதில் இல்லாவிட்டால் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் போய்ப் பார்ப்பார். எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படாத இந்த ஏற்பாட்டினால் குளியலறையில் விழுந்துகிடந்த ஒரு மூதாட்டி காப்பாற்றப்பட்டதை நான் நேரில் கண்டேன். பொதுக்கூடத்து விருந்துகளில் சைவ உணவு கிடைப்பது கடினம் என்றாலும், என் மனைவி எடுத்துச் செல்லும் எலுமிச்சைச் சாதப் பாத்திரம் காலியாகவே திரும்புகிறது. அரசியலைப் பேசாமல் இருந்தால் எல்லோரும் நல்லவர்களே.

தமிழ் வாழ்க்கைக்குச் சற்று மெனக்கெட வேண்டும். பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்களும் ஆசிரியர்களும் நிறையப் பேர் இருப்பதால் மளிகைப் பொருள்களுக்குக் குறைவில்லை. இராஜகோபுரத்தோடு கூடிய கோயிலைக் காண ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓட்டித் தாம்பாவுக்குப் போக வேண்டும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து, உறைபனி இரவுகளில் உள்ளே எடுத்துவிட வேண்டும். முருங்கை அந்தப் பனியில் தரைவரை கருகி, வசந்தத்தில் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது.

விற்பதைப் பற்றியும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். நமக்குப் பின் பிள்ளைகளுக்கு இந்த வீடு போனாலும், வயது நிறையாதவர்கள் அதில் வசிக்க முடியாமல் போகலாம். விற்கும் வரை மனை வாடகை மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கும். வாங்க வருபவரையும் நிர்வாகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிலத்தோடு கூடிய வீட்டைப் போல இது விலை ஏறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் குறைந்த செலவில் வாழ்ந்ததற்கான விலையாகவே அந்த இழப்பை நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

அறுபதுகளில் இருக்கும், உடல்நலம் உள்ள, இருவருமே கார் ஓட்டும், படிப்பிலும் நடையிலும் பறவைகளிலும் பொழுது போக்கத் தெரிந்த தம்பதியருக்கு இந்த வகைக் குடியிருப்பை மனமாரப் பரிந்துரைப்பேன். எழுபதுகளின் பிற்பகுதியில் முதன்முறையாக இடம்பெயர்பவர்களுக்கும், ஏற்கெனவே ஒருவர் மற்றவரைப் பராமரிக்கும் வீடுகளுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் பிள்ளைகளின் பக்கத்திலோ பராமரிப்புள்ள இடத்திலோ இருப்பதே முறை. பார்க்க வருபவர்கள் இதமான ஜனவரியில் வராமல் ஆகஸ்டு மாதத்து இடிமழை மாலையொன்றில் வாருங்கள். விற்பனை அலுவலகத்தில் பேசி முடித்ததும் நீச்சல் குளத்தருகே உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுங்கள். நகரத்தில் உள்ள பராமரிப்பு இல்லங்களில் காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதையும் அதே பயணத்திலேயே விசாரித்து, முடியுமானால் அன்றே பெயரைக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.